கேள்விக்குறி போட்டிருந்தேனே

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை என்னுடையது. வலியோடு வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். அன்று காலை, கன்னம் வீங்கி வாயையே திறக்க முடியாமல் இருந்த ஓர் அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் போனை நீட்டினார்.

"இந்த ராட்சசியப் பாருங்க. இவ கைய உடைக்கணும்."

பல்வலியைக்கூட மறக்கடிக்கும் அளவுக்கு அப்படி என்ன கோபம் என்று எட்டிப் பார்த்தேன். ராட்சசி என் தங்கை.

நீச்சல் குளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, ஈரம் சொட்டக் கிடந்த ஒரு சின்னப் பெண்ணின் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தாள். வாய் எதையோ கத்தியது. ஆனால் அவள் குரல் கேட்கவில்லை, வயலின்தான் அழுதுகொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'பச்சைக் குழந்தையை ஒரு பயிற்சியாளர் இப்படி அடிக்கலாமா?'

"அது என் தங்கச்சிங்க. அவ அடிக்கல, அந்தப் பொண்ணக் காப்பாத்தறா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காதானே, அப்படித்தான் சொல்வீங்க."

நடந்தது முந்தைய நாள் மாலையே எனக்குத் தெரியும். தங்கையே போனில் சொல்லியிருந்தாள். அவளை வீட்டில் தவளை என்றுதான் கூப்பிடுவோம். தவழ்கிற வயதிலேயே வாளியைக் கண்டால் தலையை உள்ளே விட்டுக்கொண்டு சிரிப்பாள். வளர்ந்து ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர் ஆனாள். அங்கே அவள் பெயர் விசில் மிஸ்.

அந்தக் குளத்தின் ஒரு மூலையில், தரையோடு தரையாக, தண்ணீரை இழுக்கும் துளை ஒன்று உண்டு. அதன் மேலிருந்த சல்லடை மூடி உடைந்து போயிருந்தது. தவளை மேனேஜரிடம் சொன்னாள். "ஆர்டர் போட்டாச்சு" என்றார். மறுபடி சொன்னாள். மறுபடியும் ஆர்டர் போட்டாச்சு. பொறுத்துப் பார்த்துவிட்டு, உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மூடியைப் படம் எடுத்துப் போட்டாள். அந்தக் குழுவை நடத்துவதும் மேனேஜர்தான், கொஞ்ச நேரத்தில் படம் காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவும், 'எதிர்மறைப் பதிவுகளைத் தவிர்ப்போம், மகிழ்ச்சியை மட்டும் பகிர்வோம்' என்ற வாசகமும் வந்தன.

சரி என்று அவளே அந்த மூலையைக் கயிறு கட்டி மறித்தாள். முக்கியஸ்தர்கள் யாரோ கிளப்பைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள், கயிறு கண்ணை உறுத்துகிறது என்று மேனேஜர் அதை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

வகுப்பு ஆரம்பித்து, அவள் ஒரு குழந்தையின் காலைப் பிடித்து உதைக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சுருட்டை முங்கினாள். தலை நிறைய சுருட்டை முடி இருக்கும் ஆறு வயதுப் பெண், அதனால் எல்லாருக்கும் சுருட்டை. தொப்பிக்குள் அடங்காத அந்த முடியைத் துளை இழுத்துக்கொண்டது. தவளை பாய்ந்து போய், முடியைக் கொத்தாகப் பிய்த்து, பெண்ணை வெளியே தூக்கிப் போட்டாள். கண் திறக்கவில்லை. கன்னத்தில் அறைந்து, "கண்ணத் திற! மிஸ்ஸப் பாரு, திறடி!" என்று கத்தினாள். அதற்கும் அசைவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஊதி ஊதி, கடைசியில் சுருட்டை தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதாள். "அக்கா, அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்லக்கா" என்றாள் தங்கை.

மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோர்கள் உட்காரும் இடம். கீழே கத்துவது மேலே கேட்காது. அங்கிருந்த ஒருவர்தான் படம் எடுத்தவர். 'நம்ம ஏரியா கண்ணாடி' என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். குழாய் உடைந்தால், தெருவிளக்கு எரியாவிட்டால் போடுவார். எல்லாரும் அவரை அட்மின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மகனும் விசில் மிஸ்ஸிடம்தான் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தான்.

மதியத்துக்குள் வீடியோ ஊரையே சுற்றி வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தவளைக்கு வேலை இல்லை. 'விசாரணை முடியும்வரை' என்றார் மேனேஜர். அவருக்கு வசதியாகப் போயிற்று. ஊரே என் தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, துளையைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

அடுத்து வந்த நாட்களை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. முகம் தெரியாதவன் எல்லாம் அவளுக்குப் போன் போட்டு, காது கூசுகிற வார்த்தையாகச் சொல்லிவிட்டு வைத்தான். யாரோ வீட்டு விலாசத்தைப் போட, வாசலில் குப்பை கொட்டிவிட்டுப் போனார்கள். தங்கை வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டில் ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவரை, "உங்க வீட்டம்மாவா அது?" என்று கேட்டு, பாதியிலேயே இறங்கச் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம், "ஃபேனத் தொங்க விட்டுட்டு வந்துட்டேன் அண்ணி, அவங்களே மாட்டிக்கட்டும்" என்று சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்லை.

சுருட்டையின் அம்மா பஸ் ஓட்டுகிறவர். அந்த நாட்களில் மகளோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் அவருக்கு விஷயமே தெரியாது. பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் வீடியோவைப் பார்த்திருக்கிறார். யூனிஃபார்மோடு நேரே தவளையின் வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அங்கேயே உட்கார்ந்து அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினார்: 'நான்தான் அந்தக் குழந்தையோட அம்மா. என் மக இன்னைக்கு மூச்சு விடறதே இவங்களாலதான்.' உடனே பதில் வந்தது: 'கிளப்காரங்க உங்கள நல்லா கவனிச்சிட்டாங்க போல.' அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். பெற்ற தாய் சொல்வதையும் நம்பாதவர்களிடம் இனி யார் வந்து என்ன சொல்ல?

நானும் தவளையும் அட்மினைத் தேடிப் போனோம். அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சின்ன அலுவலகம், சுவரில் சிரிக்கும் குடும்பங்களின் போஸ்டர்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்க மேடம்" என்றார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"நான் அடிச்சேன்னு எப்படிப் போட்டீங்க?" என்று தவளை கேட்டாள்.

"அடிச்சீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. 'அடிக்கலாமா'ன்னுதானே கேட்டேன்? கேள்விக்குறி போட்டிருந்தேனே. மக்கள் அவங்க கருத்தச் சொன்னாங்க. கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கில்ல?"

"நான் வாயில ஊதினத நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். முழு வீடியோ எங்கிட்டதான் இருக்கு. ஆனா நீளமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க மேடம். அதான் கொஞ்சம் வெட்ட வேண்டியதாப் போச்சு."

மேஜையில் இருந்த பேப்பர் வெயிட் அவர் தலைக்குப் போகாமல் இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

தவளை நிதானமாகக் கேட்டாள். "அந்த உடைஞ்ச மூடியோட படத்த உங்க பக்கத்துக்கும் அனுப்பியிருந்தேன். அத ஏன் போடல?"

"வடிகால் மூடிக்கு எவன் மேடம் லைக் போடுவான்?"

அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஏன்யா, உன் பிள்ளையும் அதே தண்ணியிலதானே இறங்கினான்?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. போனை எடுத்து எதையோ தட்டினார். "வீடியோவ அழிச்சுட்டேன். போதுமா?"

"போதாது" என்றாள் தவளை. "நீங்க அழிச்சா ஊர் நெஞ்சிலேருந்து அழியாது. எந்த இடத்துல என்னக் கெட்டவளாக்கினீங்களோ, அதே இடத்துல முழுசப் போடுங்க. நான் தப்பாப் போட்டேன்னு எழுதுங்க. கேள்விக்குறி வேண்டாம்."

"யோசிக்கறேன் மேடம்" என்றார்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பஸ் ஓட்டும் அம்மா கிளப்பில் போய்ச் சத்தம் போட்ட சூடு அது. அவர் கையில் ஒரு புது விதி இருந்தது. இனி கிளப்புக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது, கிளப்பைப் பற்றி உறுப்பினரோ ஊழியரோ இணையத்தில் எதுவும் எழுதக் கூடாது, மீறினால் நீக்கம். "உங்களுக்கு நடந்த அநியாயம் இனிமே யாருக்கும் நடக்கக் கூடாது மேடம். நாளைக்கு நடக்கற உறுப்பினர் கூட்டத்துல நீங்களே இத ஆதரிச்சுப் பேசினா நல்லா இருக்கும். திங்கக்கிழமையே வேலைல சேர்ந்துடலாம்."

அவர் போனதும் நான் துள்ளினேன். "சரின்னு சொல்லுடி! அந்த அட்மின் மாதிரி ஆளுங்க வாய்க்கு இதுதான் பூட்டு. ஒருத்தன் கையிலயும் போனே இருக்கக் கூடாது."

"அக்கா, கொஞ்சம் யோசி" என்றாள். "இந்த விதி அப்பவே இருந்திருந்தா அந்த மூடியப் பத்தி நான் எங்க போய்ச் சொல்லியிருப்பேன்?"

"எழுதினியே, என்ன ஆச்சு? அழிச்சுட்டாங்க."

"ஆமா. அன்னைக்கு அழிச்சது தப்பு. இனிமே அதையே சட்டமாக்கறேங்கறாரு. அவன் வாய மூடறதுக்கு என் வாயையும் சேர்த்துத் தைக்கணுமா?"

எனக்குள் கோபம் மட்டும் இருந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் குழப்பம்.

கூட்டம் கிளப்பின் பெரிய ஹாலில் நடந்தது. அட்மினும் வந்திருந்தார். பழக்க தோஷம், போனைத் தூக்கிப் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றார். தவளை மைக் முன்னால் போய் நின்றாள்.

"பின்னாடி ஒருத்தர் படம் எடுக்கறாரு" என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. மேனேஜர், "போனக் கீழ போடுங்க சார்!" என்றார்.

"வேண்டாம், எடுக்கட்டும். முழுசா எடுங்க சார், வெட்டாமப் போடுங்க. என்னப் பத்திப் பொய் பரப்பினாங்க. அதனால எனக்கு இருந்த வேலையும் மானமும் போச்சு. அதுக்கு அவரு பதில் சொல்லியே ஆகணும். ஆனா நான் சொன்ன உண்மைய ஒருத்தர் அழிச்சாரு. அதுல ஒரு குழந்தையோட உயிரே போயிருக்கும். அதுக்கு யார் பதில் சொல்றது? அந்த மூடி இன்னைக்கு வரைக்கும் மாத்தல. காலைல போய்ப் பாத்துட்டுதான் வரேன்."

ஹால் சலசலத்தது. மேனேஜர், "அது வேற விஷயம், இப்ப நாம பேசறது..." என்று ஆரம்பித்தார். பஸ் ஓட்டும் அம்மா எழுந்தார். அவருக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"எது சார் வேற விஷயம்? என் பொண்ணு மண்டைல உள்ளங்கை அளவுக்கு முடி இல்ல. வாங்க, காட்டறேன். பாத்துட்டு வேற விஷயம்னு அவ கிட்டயே சொல்லுங்க."

அதற்குப் பிறகு மேனேஜர் பேசியது யார் காதிலும் விழவில்லை. புது விதியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. ஆண்கள் சிலர் எழுந்து குளத்தைப் பார்க்கப் போனார்கள். அந்த வாரமே குளத்தை அடைத்துவிட்டு, சல்லடை மூடியை மாற்றினார்கள். மேனேஜரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவர் இன்றும் அதே அறையில், அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

அட்மின் அன்று எடுத்ததை வெட்டாமல் போட்டார். அடுத்த நாள் குளத்தில் எடுத்த முழு வீடியோவையும் போட்டு, 'நான் வெட்டியது தவறு. இவர் குழந்தையைக் காப்பாற்றினார்' என்று எழுதினார். முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதைப் பார்க்கவில்லை. அவர் எப்போதோ அழித்துவிட்ட அந்தத் துண்டு, வேறு யார் யார் கையிலோ, வேறு தலைப்போடு, வேறு ஊரில் நடந்ததாக இன்னமும் சுற்றுகிறது.

கிளப் திரும்பக் கூப்பிட்டது. தவளை போகவில்லை. இப்போது நகராட்சிக் குளத்தில் சொல்லிக் கொடுக்கிறாள். போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது அட்மின் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கிளப்பின் புது மிஸ்ஸிடம் இறங்க மாட்டேன் என்று பையன் ஒரே பிடிவாதமாம். தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், நடந்தத மனசுல வச்சுக்காம..." என்று இழுத்தார்.

"மனசுலதான் இருக்கு. அது போகாது" என்றாள் தவளை. "பையன விடுங்க, கத்துக் கொடுக்கறேன். உங்க கூடப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. வெளிய இருங்க."

பையன் துண்டை எறிந்துவிட்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நானாக இருந்தால் அந்த மனுஷனை வாசற்படியே ஏற விட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் அதைத்தான் சொல்லிச் சண்டை போட்டேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பையன் மிதக்கும்போது இடுப்பைத் தொங்கவிடுகிறான், அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசிக்கொண்டே வந்தாள்.