காசிமாலி வைத்த வக்கீல்

ஒப்பாரிக்கு நடுவே புருல்சா மூச்சு வாங்கிக்கொண்ட நேரத்தில், தம்பி மனைவி ஜிபார் அவள் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, அந்த வக்கீல் வந்திருக்கா."

"எந்த வக்கீல்?"

"நம்மள ரெண்டு வருஷமா இழுத்தடிச்சவதான். உம்சுனாய். வெளிய உங்க தம்பி முகத்தப் பாக்க முடியல."

பக்கத்தில் அத்தை இழுத்துக்கொண்டிருந்த ஒப்பாரியின் வரி முடியும் இடம் வந்தது. புருல்சா குரல் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா காசிமாலி கிடந்தார். முந்தாநாள் காலையில், அடுப்புக்கு விறகு எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மாவு இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்தாள்.

வழக்கப்படி, இறந்தவரைக் கிடத்தும் கம்பளிக் கூடாரத்தை முற்றத்தில் உருளைக்கிழங்குப் பாத்திக்கு மேலேயே போட்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே தம்பி எர்மெக் இடுப்பில் துணி கட்டி, கழியை ஊன்றி, குனிந்து நின்று "என் அப்பாவே" என்று அழுதுகொண்டிருந்தான். துக்கத்துக்கு வருகிறவர்களை மகன் அப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும். அந்தக் குரல் திடீரென்று நின்றது. பெரியப்பாவின் அதட்டல் கேட்டது.

"அழுவுடா. வந்தது யாரா இருந்தா உனக்கென்ன? உங்கப்பனுக்காக வந்திருக்காங்க."

எர்மெக் மறுபடி அழத் தொடங்கினான். இந்த முறை குரலில் கோபம்தான் அதிகம் இருந்தது.

உம்சுனாய் உள்ளே வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு. எல்லாரையும் போலவே அவளும் வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்து பெண்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டாள். ஜிபார் விறைப்பாக நின்றாள். புருல்சாவைக் கட்டிக்கொண்டபோது அந்தப் பெண்ணின் தோள் நிஜமாகவே குலுங்கியது. இவளுக்கு என்ன அழுகை என்று புருல்சா நினைத்தாள்.

இந்த வீட்டை விற்கும் யோசனை எர்மெக்கினுடையது. அவன் பிஷ்கெக்கில் மாமனார் வீட்டு ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். தொக்மோக்கில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்றுவிட்டுத் தலைநகரில் ஒன்பதாவது மாடியில் மூன்று அறை வீடு வாங்கலாம், அப்பாவும் கூடவே இருக்கலாம் என்றான். காசிமாலி உடனே சரி என்றார். நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"வக்கீல் வெச்சுத்தான் விப்பேன்."

"அப்பா, இந்த நாலு சுவத்துக்கு வக்கீலா? நேரா பதிவுக்குப் போனா ஒரே நாள் வேலை."

"ஏமாந்துட்டா?"

சட்டை மாற்றிக்கொண்டு அவரே பஸ் ஏறிப் போய் உம்சுனாயைப் பிடித்துவந்தார்.

அன்றிலிருந்து வேலை நகரவில்லை. முதலில் ஒரு வாத்தியார் தம்பதி வாங்க வந்தார்கள். பக்கத்து வேலி நம் மனைக்குள் நிற்கிறது என்று வக்கீல் நிறுத்தினாள். அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கறிக்கடைக்காரர் வந்தார். "இன்னும் முடியலையாம்" என்றார் அப்பா. அவரும் போனார். எர்மெக் போனில் கத்தும்போதெல்லாம் உம்சுனாய் ஒரே பதில்தான் சொல்வாள்: "உங்கப்பாவக் கேளுங்க." போன குளிர்காலத்தில் அவன், "எங்கப்பா செத்ததுக்கு அப்புறந்தான் முடிப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் தூக்கிக் கட்டில்மேல் எறிந்தான்.

மதியத் தொழுகைக்குப் பிறகு உடலை வெளியே முற்றத்தில் வைத்தார்கள். காசிமாலி எப்படிப்பட்ட மனிதர் என்று முல்லா கேட்டார். நல்ல மனுஷன் என்று கூட்டம் சொன்னது. வழக்கப்படி எர்மெக் முன்னால் வந்தான்.

"எங்கப்பாகூட யாருக்காவது கொடுக்கல் வாங்கல், கணக்கு வழக்கு இருந்தா, இனிமே என்கிட்ட வாங்க."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி, பெண்கள் நின்ற பக்கம் உம்சுனாயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பெண்களின் ஒப்பாரி தெருமுனை வரை போய், லாரிச் சத்தத்தில் கரைந்தது.

புதைக்கும் இடமான கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. திரும்பி வருகிறவர்களுக்குச் சாப்பாடு தயாராக வேண்டும். கொல்லையில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. சமையலறையில் உம்சுனாய் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே கிண்ணங்களைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். புருல்சா கதவைச் சாத்தினாள்.

"டீ குடிங்க வக்கீலம்மா."

"ஊத்தும்மா."

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. கடைசியா எதுல நின்னுச்சு? எந்தக் காகிதம் பாக்கி?"

உம்சுனாய் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"எதுவும் பாக்கி இல்ல. போன வருஷம் இலை உதிர்றப்பவே எல்லாம் முடிஞ்சுது."

"வேலி?"

"அது நெசமான வில்லங்கம். அத நான் சரி பண்ணிட்டேன். பண்ணிட்டுத்தான் உங்கப்பாவக் கூப்பிட்டேன். ஐயா, இனிமே உங்க கையெழுத்துதான், வாங்குற ஆள் வந்தா போதும்னேன். சந்தோஷப்படுவார்னு பாத்தா, தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அப்புறம், 'முடிஞ்சுதுன்னு யார்கிட்டயும் சொல்லாத மகளே'ன்னார்."

புருல்சா அடுப்பைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"கேக்குறவங்ககிட்ட பொய் சொல்ல முடியாது, என் பொழப்பு போயிரும்னேன். 'பொய் வேணாம், நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்'னார்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. பிடிக்கலன்னு ஒரு வார்த்தை."

"நானும் அதத்தான் கேட்டேன். 'வேணாம்னா பையன் மனசு ஒடஞ்சு போவான். பாவம், ஆசையா கூப்பிடுறான்'னார். அப்புறம் சிரிச்சார். 'நான் செத்தா ஒம்பதாவது மாடியில கூடாரத்த எங்க போடுவான்? லிஃப்ட்டுல என்னை நிக்க வெச்சா எறக்குவாங்க?'ன்னார்."

புருல்சாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நின்றபோது முகம் நனைந்திருந்தது.

"தம்பி உங்கள எவ்வளவு பேசினான்."

"பேசினார். வண்டி வண்டியா. அதையும் சொன்னேன். 'எனக்கு எத்தன நாளோ, அதுவரைக்கும் கொஞ்சம் திட்டு வாங்கிக்கோ'ன்னார்." உம்சுனாய் ஒரு வாய் டீ குடித்தாள். "என்னை வெச்சது அவர். பொண்ணு கேட்டா சொல்லுன்னும் அவர்தான் சொன்னார்."

"எர்மெக் கேட்டா?"

"அத நீயே யோசின்னார். யோசிச்சேன். எனக்கு ஒண்ணும் தோணல. உன் தம்பி, நீ பாத்துக்கோ."

வெளியே லாரி வந்து நின்றது. உம்சுனாய் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டுப் போங்க."

"இன்னொரு நாள் வரேன். உன் தம்பி இன்னிக்காவது நிம்மதியா சாப்பிடட்டும்."

அவள் கொல்லை வழியாகப் போனாள்.

புருல்சா சொம்பும் துண்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆண்கள் வரிசையாக வந்து கை கழுவிவிட்டு உள்ளே போனார்கள். எர்மெக் கடைசியில் வந்தான். முழங்கை வரை மஞ்சள் களிமண் அப்பியிருந்தது, நகங்களுக்குள்ளும் இருந்தது. அவனே குழியில் இறங்கி மண் தள்ளியிருக்கிறான்.

"போயிட்டாளா அவ?"

"போயிட்டாங்க."

"சாப்பிட்டாளா?"

"டீ குடிச்சாங்க."

அவன் கைகளை நீட்டினான். அவள் ஊற்றினாள்.

"அக்கா, அவ மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா அப்பா என்கூட இருந்திருப்பார். இங்க தனியா, அடுப்புக்கு முன்னாடி..." அவன் விரல்களை அழுத்தித் தேய்த்தான். "அவருக்குன்னு அறைகூட பாத்து வெச்சிருந்தேன். ஜன்னல்லேருந்து மலை தெரியும். எப்படா போவோம்னு அவரும் கேட்டுக்கிட்டே இருந்தார், இல்ல?"

புருல்சா சொம்பைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள்.

"உன்கிட்ட என்ன சொன்னா?"

"கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்வாங்களாம்."

"த்தூ" என்றான் எர்மெக். மண் கரைந்து விரல்களிலிருந்து இறங்கி, வாசல்படி ஓரமாக ஓடியது. சொம்பில் தண்ணீர் தீர்ந்தது. அவன் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். புருல்சா மறுபடி மொண்டுவர உள்ளே போனாள்.