எட்டு எபிசோடுக்கு ஒரு டைரக்டர்

விருத்தாசலம் கடலூர் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் திரைக்கதை மாலை வகுப்பு நடத்திவந்த கோகுலகிருஷ்ணனை ஊரே டைரக்டர் சார் என்றுதான் கூப்பிட்டது. அவர் எந்தப் படத்தையும் இயக்கியதில்லை. சென்னையில் ஒன்பது வருஷம் உதவி இயக்குநராக இருந்ததில் ஒரே ஒரு படத்தில் பெயர் வந்தது. அதுவும் படம் முடிந்து, தியேட்டரில் விளக்குப் போட்டு, ஜனங்கள் செருப்பைத் தேடும்போது ஓடுகிற எழுத்தில். வகுப்பில் சேரவருகிறவர்களுக்கு அந்த இடத்தைச் செல்போனில் நிறுத்திக் காட்டுவார். நிறுத்தாவிட்டால் படிக்க முடியாது.

அவரிடம் படித்த ஏழு பேரில் பூங்கோதைதான் வீட்டுப்பாடம் செய்கிறவள். பகலில் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை. அரை மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்து, சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கதையையும் அவள் அப்படியே எழுதினாள். கட்டம் போட்டு, காட்சிக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சரியா?’ என்று ஒரு பத்தி விட்டு. அந்தப் பத்தியில் பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்றுதான் இருக்கும்.

ஆனால் கதை நன்றாக இருந்தது. இதேபோல ஒரு செராமிக் ஊர். வெள்ளிக்கிழமைதோறும் சூளையைத் திறந்தால், நூறு பொம்மைகளில் ஒன்றுக்கு மட்டும் அந்த ஊர்க்காரர் ஒருவரின் முகம் வந்திருக்கும். அன்று சாயங்காலம் அந்த ஆளுக்குத் தன் வீடு மறந்துபோகும். கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டாலும், “இது யாரு வூடுங்க?” என்று சொந்தப் பெண்டாட்டியிடம் கேட்பார். விசாரிக்க வருகிற பெண் இன்ஸ்பெக்டருக்குப் போகப்போகத் தன் முகமும் வந்துவிடுமோ என்று பயம் பிடிக்கும். மொத்தம் எட்டு எபிசோடு. மூன்றை முழுசாக எழுதிமுடித்திருந்தாள். மிச்சம் நோட்டில் குறிப்பாக இருந்தது.

சென்னையில் வெப் சீரிஸ் எடுக்கிற ஒரு கம்பெனி புதுக்கதை கேட்கிறது என்று டைரக்டர் சாருக்குச் சேதி வந்தது. மூன்று எபிசோடையும் அனுப்பச் சொன்னார்கள். கூடவே ஒரு படிவம். அதில் கடைசிக் கேள்வி: ‘இந்தத் தொடருக்குப் பொருத்தமான இயக்குநர் யார்? காரணத்துடன் எழுதவும்.’

புதன்கிழமை வகுப்பு முழுக்க அந்தக் கேள்விக்கே போனது. வேப்பூர் ஹைவே ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் மாயவன், விடுமுறை நாள் பார்த்து வகுப்புக்கு வருகிறவன். தமிழ்நாட்டு லாரி டிரைவர்கள் அத்தனை பேரின் ரசனையும் தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு. இயக்குநர்களைப் பெயர் சொல்லிப் பேசமாட்டான், பட்டப்பெயர்தான். ‘காத்தாடி’யிடம் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கவே ஒரு எபிசோடு ஆகும், முடி பறக்க வேண்டுமே என்றான். பொம்மைகள் எல்லாம் ரவுடிகளின் தலையில் உடைவதற்கென்றே வார்க்கப்பட்டிருக்கும். ‘மழைக்காரர்’ கையில் போனால் சூளையே அணைந்துவிடும். கிராமத்துக் கதை எடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் முதலில் பொம்மை யார் வகையறா என்று கேட்பார், பிறகு இரண்டு தாய்மாமன்கள் அரிவாளோடு வருவார்கள், பொம்மை எட்டாவது எபிசோடு வரை நியாயத்துக்குக் காத்திருக்கும். விருது வாங்குகிறவரோ சூளைச் சுவரைப் பதினோரு நிமிஷம் காட்டுவார். வெளிநாட்டில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். வேப்பூரில் லாரியே தூங்கிவிடும். சீரியல் எடுக்கிற அம்மா ஒருவரைப் பற்றி யாரோ சொன்னபோது, அவரிடம் எட்டு எபிசோடு எண்ணூறாகும், பொம்மையை மாற்றிவைத்தது இன்ஸ்பெக்டரின் மாமியார் என்று நானூறாவதில் தெரியவரும் என்றான்.

வகுப்பு சிரித்தது. பூங்கோதை ஒருவரையும் விடாமல் அட்டவணையில் ஏற்றிப் பத்துக்கு மதிப்பெண் போட்டாள். நாலுக்குக் கீழே போட அவளுக்குக் கை வரவில்லை. படமே எடுக்காத தான் படம் எடுத்தவர்களுக்கு மார்க் போடுவது என்ன நியாயம் என்று எல்லோருக்கும் அரை மார்க் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை, அனுப்பிமுடித்த படிவத்தின் நகலை டைரக்டர் சார் காட்டினார். பொருத்தமான இயக்குநர்: கோகுலகிருஷ்ணன். காரணம்: சூளைகளின் வெப்பத்தில் வளர்ந்தவர். கதை, திரைக்கதை: கோகுலகிருஷ்ணன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஆராய்ச்சி: பூங்கோதை.

புகை ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வரும் என்று தொழிற்பேட்டைப் பக்கமே போகாதவர் அவர்.

“உன் பேருல அனுப்பினா யாரு இந்தப் பொண்ணுன்னு தூக்கி ஓரமா வெச்சிடுவாங்கம்மா. என் பேருன்னா கதவு தெறக்கும். நான் உள்ள போயிட்டு உன்ன இழுத்துக்கறேன்” என்றார்.

பூங்கோதை சரிங்க சார் என்றாள்.  வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து, அறுபத்து நாலு காட்சிகளில் சார் சொன்னவை எவை என்று கணக்கெடுத்தாள். இரண்டு. இன்ஸ்பெக்டர் மொட்டைமாடியில் சிகரெட் பிடிப்பது ஒன்று. அவள் சிகரெட்டை அணைப்பது இன்னொன்று. இருந்தாலும் காட்சி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது? தெரியவில்லை என்று எழுதினாள்.

மாயவன் விடவில்லை. “ஆராய்ச்சியா? ஏன், எலிய கூண்டுல வெச்சாப் பாத்த?” என்று கேட்டான். வாத்தியாரிடம் எப்படிண்ணே கேட்பது என்றாள் அவள். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்துதான் அவர் எழுதியிருக்கிறார் என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து வீடியோவில் பேசினார்கள். வெண்பா என்று ஒரு பெண், கதை தேர்வு செய்கிறவள். டைரக்டர் சார் புதுச்சட்டை போட்டு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். நெட்டுக்காக மாயவன் தன் போனை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு நின்றான். பூங்கோதையைக் கேமராவில் விழாத மாதிரி பின்னால் உட்காரச் சொல்லியிருந்தார், ஏதாவது எபிசோடு எண் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க.

முதல் இருபது நிமிஷம் சார் பிரமாதமாகப் பேசினார். காத்தாடி, மழைக்காரர், தூங்குகிற லாரி எல்லாம் அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தன. வெண்பா விழுந்துவிழுந்து சிரித்தாள். போனைப் பிடித்திருந்த மாயவன் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு வெண்பா, மூன்றாவது எபிசோடில் ஒன்று புரியவில்லை என்றாள். இன்ஸ்பெக்டர் சூளையின் ஓட்டை வழியாகப் பார்க்கிறாள். உள்ளே மூன்று மண் கூம்புகள். இரண்டு தலைகுனிந்திருக்கின்றன, மூன்றாவது நிமிர்ந்து நிற்கிறது. உடனே அவள் ரிஜிஸ்டரைப் பறிமுதல் செய்கிறாள். ஏன்?

டைரக்டர் சார் கண்ணாடியைக் கழற்றினார். அது ஒரு குறியீடு என்றார். முதல் கூம்பு நேற்று, இரண்டாவது இன்று. காலத்தின் முன்னால் மனிதன் தலைகுனிகிறான். மூன்றாவது கூம்பு பெண். அவள் குனியமாட்டாள். ரிஜிஸ்டர் என்பது அதிகாரம். இப்படி ஏழு நிமிஷம் போனது. வெண்பா தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

 பெயர் போனதுகூடப் பூங்கோதைக்குப் பொறுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அந்தக் கூம்பு குறியீடு ஆகிவிட்டால் அதற்கப்புறம் கதையே இல்லை. மிச்சம் ஐந்து எபிசோடும் அதில்தான் தொங்குகின்றன. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒருதரம் யோசித்தாள். தினமும் கையால் வைக்கிற சாமானைப் பற்றி எப்படித் தப்பாகச் சொல்ல முடியும்?

“அது குறியீடு இல்லீங்க” என்றாள்.

யார் பேசுவது என்று வெண்பா கேட்டாள். டைரக்டர் சார், “நம்ம ஆராய்ச்சிப் பொண்ணு” என்பதற்குள் பூங்கோதை கேமராவுக்குள் வந்திருந்தாள்.

“அது சும்மா கூம்புதாங்க. சூடு பாக்குறதுக்கு வெப்போம். ஒவ்வொண்ணும் ஒரு சூட்டுல குனியும். மூணாவதும் குனிஞ்சாதான் சூளை முழுசா வெந்துச்சுன்னு அர்த்தம். மீட்டரு தப்பாக் காட்டும், ரிஜிஸ்டருல பொய்யி எழுதலாம். கூம்பை ஏமாத்த முடியாதுங்க.”

“கதைல மூணாவது குனியலையே.”

“குனியலீங்க. ஆனா ரிஜிஸ்டருல முழுச்சூடும் ஏறிடுச்சுன்னு இருக்குது. அப்ப பாதியிலயே அமத்தி, ஆறவெச்சு, பொம்மைய மாத்தினது யாரு? ரிஜிஸ்டரு எழுதினவதான். எட்டாவது எபிசோடுல அவதான் மாட்டுவா.”

வெண்பா எழுதிவைத்திருந்ததைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு டைரக்டர் சாரிடம், குற்றவாளி யார் என்று உங்களுக்குத் தெரியுமா சார் என்று மரியாதையாகக் கேட்டாள். முடிவைப் பார்வையாளரிடமே விட்டுவிடலாம் என்று இருந்ததாக அவர் சொன்னார்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று வெண்பா பூங்கோதையைக் கேட்டாள்.

“சூளை ரிஜிஸ்டரு எழுதுறேங்க.”

மாயவன் சிரித்ததில் போன் ஆடி, திரை ஒரு நிமிஷம் உறைந்தது. திரும்ப வந்தபோது வெண்பாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கதை வேண்டும், கதை எழுதினவர் பெயரில்தான் ஒப்பந்தம் என்றாள். டைரக்டர் விஷயம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதலாளியின் மருமகன் செய்கிறார். படம் எதுவும் எடுத்ததில்லை. ஆனால் பாத்ரூம் டைல்ஸ் விளம்பரம் மூன்று எடுத்திருப்பதால் செராமிக் அவருக்கு அத்துபடி. அப்படியென்றால் படிவத்தில் அந்தக் கேள்வி எதற்கு என்று மாயவன் ஜன்னலோரமிருந்து கேட்டான். படிவம் பழசு, மாற்றவில்லை என்றாள் வெண்பா.

டைரக்டர் சார் தளரவில்லை. மருமகனுக்கு இணை இயக்குநர் யாராவது தேவைப்படுமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாக வெண்பா சொன்னாள். எழுதினவர் பெயரையும் முகவரியையும் இப்போதே அடித்து அனுப்பிவிடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லித் திரையில் ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டாள்.

காலிக்கட்டத்தில் கோடு மின்னிக்கொண்டு நின்றது. டைரக்டர் சார் நாற்காலியை விட்டு அசையவில்லை. விரல்கள் கீபோர்டு எழுத்துகளின் மேலேயே இருந்தன. நான் இல்லாவிட்டால் இவர்கள் உன்னோடு பேசியிருப்பார்களா என்று மெதுவாக, திரும்பாமல் கேட்டார். பேசியிருக்கமாட்டார்கள் என்று பூங்கோதைக்குத் தெரியும். அது உண்மைதான், அதற்கும் நோட்டில் ஒரு கட்டம் வேண்டும், அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

“ஆமாங்க சார்” என்றாள். “கொஞ்சம் எந்திரிங்க. பேரு அடிக்கணும்.”

அவர் எழுந்தார்.