எயிலு கீதாமா?

ஆபீஸ் லேண்ட்லைன் மணி அடித்தாலே எழில்மொழி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பாள். பாதி நேரம் பாஸ்வேர்டை மறந்த எவனாவது பேசுவான். மீதி நேரம் அவளுடைய அப்பா.

கோதண்டம் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். மகளுக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு, காலடிப்பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்தார். இப்போது மனைவி செத்ததுகூட அவருக்கு நினைவில்லை. நம்பர் மட்டும் அச்சுப் பிசகாமல் நிற்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சிவந்தி அக்கா கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மனுஷன் கிளம்பிவிடுவார். வழி தெரியாமல் நின்றுபோனால் யாரிடமாவது போன் வாங்கி ஆபீஸுக்கு அடித்து, எழில் இருக்கிறாளா என்பதை, "எயிலு கீதாமா?" என்பார். எழில் ஓடிப்போய்க் கூட்டிவருவாள்.

அந்த ஒன்றுக்காகத்தான் அவள் வேலையை விடாமல் இருந்தாள். சேர்ந்தபோது கொடுத்த நாற்காலிதான் இன்றும். பிரின்டரைத் தட்டிக்கொடுப்பதும் பாஸ்வேர்டு மாற்றிக்கொடுப்பதும்தான் இன்றும். அவளிடம் வேலை கற்றவர்களெல்லாம் எங்கோ போய்விட்டார்கள். இவள் படித்த இன்ஜினியரிங் துருப்பிடித்துக் கிடந்தது. தரமணியில் ஒரு கம்பெனி, சர்வர் பிரிவில் வேலை தருவதாகச் சொல்லி, இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. அங்கே உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது; அப்பா இங்கே கூப்பிட்டால் அவளுக்குச் சொல்லியனுப்பக்கூட முடியாது.

"ஒன் நைனா கால் பண்ணா நான் எடுத்துக்கறேன்க்கா. ஆட்டோ புடிச்சி நானே இட்னு வந்து வூட்ல வுடறேன். நீ போ," என்றான் பக்கத்து மேசை சுஃபியான்.

"உன் கொரலுக்கு அவரு மசியமாட்டாருடா. நான் பேசினாத்தான் நிப்பாரு."

சொல்லும்போதே அதில் ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதானே.

வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்குப் பதில் டைப் செய்துகொண்டிருந்தபோது மணி அடித்தது.

"எயிலு கீதாமா?"

"நான்தான் நைனா. எங்க கீற?"

"நீ இல்லமா. எம் பொண்ணு எயிலு. அது கொரலு எனக்குத் தெரியாதா?"

"நைனா, நான்தான்..."

"அது வேற வேலைக்குப் போயிடுச்சா? போவட்டும், போவட்டும். எத்தினி நாளு அங்கயே குந்திகினு கெடக்கும்! நான் சாத்தாங்காட்டுல, இரும்புக்கடையாண்ட நிக்கறேன். யாரனா வந்து இட்னு போவச் சொல்லுமா."

எழில் ரிசீவரை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அழுதால் பயந்துபோய் வைத்துவிடுவார்.

"சரிங்க. அங்கயே நில்லுங்க. ஆள் வரும்."

ரிசீவரை வைத்தாள். யார் குரலானாலும் இனி அவருக்கு ஒன்றுதான். டைப் செய்ததை அழித்துவிட்டு, வேலையில் சேர்வதாகப் பதில் அனுப்பினாள். "இனிமே நீயே எடுடா," என்று சுஃபியானிடம் சொல்லும்போது பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

சாத்தாங்காட்டில் கோதண்டம் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எயிலு அனுப்ச்சிதா?"

"ஆமாங்க," என்றாள். "எயிலுதான் அனுப்ச்சிது."

"அப்ப சரி," என்று ஏறி உட்கார்ந்தார்.