பின்பக்கத்துப் பம்பர்

“இல்ல உஸ்தாத், பின்னாடி. முன்னாடி எதுவும் வேண்டாம்.”

“பின்னாடியா?” பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தங்கச்சி, இங்க வர்ற எல்லாரும் வண்டியோட மூஞ்சிக்குத்தான் பம்பர் கேப்பாங்க. முதுகுக்கு யாரும் கேட்டதில்ல.”

“அப்ப நான்தான் முதல் ஆளு.”

“சரி, முன்னாடி போடுறதைக் கொஞ்சம் பாத்துட்டாவது போயேன். போன வாரம்தான் கப்பல்ல வந்துச்சு.”

சுவரில் பம்பர்கள் வரிசையாகத் தொங்கின. வெள்ளியாய் மின்னுபவை, கறுப்பு மையாய் உறைந்தவை, நெற்றியில் நான்கு விளக்கு வைத்தவை. வெளியே கடலோர ஊரான மஹூத்தின் கடைத்தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நஸ்ரா அவற்றில் ஒன்றை மட்டும் கழற்றி இறக்கச் சொன்னாள். இறக்கியதும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. குப்புறப் புரட்டிப் போட்டு, வண்டியோடு அது சேரும் இடத்தில் குனிந்தாள். முகத்தில் கட்டியிருந்த விறைப்பான திரையின் கூரான மூக்கு இரும்பைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள்.

“இவ்வளவு பெரிய உடம்பை இந்த நாலு சுண்டு விரலா தாங்குது?”

பட்டறைக்காரர் குல்ஜமான் சிரித்தார். பெஷாவரிலிருந்து வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த நாலு போல்ட்டைத் தேடிப் பார்த்த ஆள் இதுவரை யாருமில்லை.

நஸ்ராவுக்கு அது புத்தகம் படித்து வந்த அறிவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இறால் பருவத்தின் நடுவில், உப்புச் சேற்றில் அவள் பிக்கப் வயிறு வரை புதைந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் அவளுடைய பழைய பின் பம்பரில் இழுவை நாடாவைக் கட்டி இழுத்தார்கள். பம்பர் மட்டும் கழன்று வந்தது. இழுத்த வண்டியின் பின்னால் வாலாட்டும் நாயைப் போல அது குதித்துக் குதித்துப் போனதை இருபது பேர் பார்த்தார்கள். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. கடல் வந்து கதவுக்குக் கீழே நின்றது. அவளுக்குப் பின்னால் மாட்டிய இரண்டு வண்டிகளின் இறாலைக் கடல்காகங்கள் தின்றன.

அன்றிலிருந்து, படகுகளின் இறாலைத் தார்ச்சாலைக்கு ஏற்றிப் போகும் வண்டி வரிசையில் அவள் கடைசி. கடைசி வண்டியின் இறால் ஐஸ் லாரிக்குக் கடைசியாக வரும். அதற்குள் தலை கறுத்துவிடும், உடம்பு தளர்ந்துவிடும். வாங்குகிறவர் அதைத் தனிக் குவியலாக ஒதுக்கித் தள்ளுவார். போன மாதம் அண்ணன் படகை ஆணி அடித்துச் சீர்செய்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “இந்தப் பருவமும் நீ கடைசியிலதான் வரப்போறன்னா, நம்ம இறாலை வேற வண்டியில ஏத்திடுவோம் நஸ்ரா. படகுல நாலு குடும்பம் இருக்கு.” அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள்.

பதினேழு வயதிலிருந்து ஓட்டுகிறாள். அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டால் பிறகு தன் கைக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை.

“முன்னாடி போறவ நான்னு வச்சுக்கங்க உஸ்தாத். மாட்டினா யாரு இழுப்பாங்க?”

“பின்னாடி வர்றவங்க.”

“எதைப் பிடிச்சு?”

குல்ஜமான் கண்ணாடியை முழுதாகக் கழற்றினார். “முதுகை.”

அதன்பிறகு வேலை மூன்று நாள் நடந்தது. அவள் தினமும் வந்து பக்கத்தில் நின்றாள். மின்னுகிற எதையும் வேண்டாம் என்றாள். தகடு எட்டு மில்லி போதும், அதற்கு மேல் கனம் சேர்ந்தால் சேறுதான் சந்தோஷப்படும் என்றாள். ஓரங்களை மேல்நோக்கி வெட்டச் சொன்னாள், மண்ணை வாரிக்கொண்டு வராமல் இருக்க. நாடா மாட்டுகிற காதை அவர் பம்பரின் முகத்தில் வைத்துப் பற்றவைக்கப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

“ஒட்ட வைக்காதீங்க. துளை போட்டு ஊடே விடுங்க. உள்ளயும் வெளியயும் ரெண்டு பக்கமும் பத்த வைங்க.”

“என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?”

“நீங்க நல்லா செய்யுறீங்க. நான் பயந்து போய்ச் சொல்றேன்.”

அவருக்கும் பிடிவாதம் இருந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரண்டு தண்டுக்கும் முழங்கை நீளத்தில் பட்டைத் தகடு வைத்தார். தண்டு உள்ளே வெற்றுக் குழல். போல்ட்டை இறுக்கினால் நசுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு துளைக்கும் உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் வழியாகப் போல்ட்டை விட்டார். பக்கத்துக்கு ஆறு. எல்லாம் தலையில் பத்துப் புள்ளி ஒன்பது என்று வலுவின் அளவு பொறித்தவை. கடைசியில் ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து, ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் தகடு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

“இது எதுக்கு, அழகுக்கா?”

“நட்டு மயிரளவு அசைஞ்சாலும் கோடு உடையும். உடையாம இருந்தா நான் உனக்குப் பொய் சொல்லலன்னு அர்த்தம்.”

பருவத்தின் முதல் நாள் காலை, கடல் பின்வாங்கிப் போன வெளியில் ஏழு வண்டிகள் நின்றன. பனிமூட்டம் இன்னும் தரையோடு படுத்திருந்தது. படகுகள் இறக்கிய பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. இங்கிருந்து தார்ச்சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர். எல்லாம் மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. மதியத்துக்குள் கடல் திரும்பி வரும். அதற்கு யாருடைய பெட்டியும் கணக்கில்லை.

அவளுக்கு முன்னால் நிற்கும் வண்டி முசல்லமுடையது. இருபத்தைந்து வயது, வாய்க்குப் பூட்டே இல்லாதவன். அவன் அவள் வண்டியைச் சுற்றி வந்தான்.

“நஸ்ரா அக்கா, மூஞ்சி பழசு, முதுகு புதுசு. இனிமே கல்யாணத்துக்கெல்லாம் ரிவர்ஸ்லயே போவியா?”

“உன் கல்யாணத்துக்கு அப்படித்தான் வருவேன். பொண்ணு பயந்து ஓடாம இருக்கணும்ல.”

“போன தடவை உன்னை விட உன் நம்பர் பிளேட்டு சீக்கிரமா ஊருக்குப் போய்ச் சேந்துச்சு. இந்தத் தடவை அதுவும் உன்கூடவே வருமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு வரிசையின் தலைப்பக்கம் நடந்தாள்.

அங்கே நின்றவர் கல்ஃபானின் அப்பா. ஊரில் யாரும் அவரை இயற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அபூ கல்ஃபான். பதினைந்து வருஷமாக வரிசையை முன்னால் நின்று நடத்துகிறவர். அவர் வண்டியிலும் புதுசு இருந்தது: முன்பக்கம், கன்னம் முட்டுகிற அளவுக்குக் கறுப்பு இரும்பு, நான்கு விளக்கு, இரண்டு சிவப்புக் கொக்கி. நல்ல சரக்குதான். அவள் முதலிலேயே குனிந்து பார்த்துவிட்டாள். சேசிஸில்தான் போல்ட் ஏறியிருந்தது.

“அபூ கல்ஃபான், இன்னிக்கு நான் முன்னாடி போறேன். என் வண்டி மாட்டினா இப்ப இழுக்க முடியும்.”

அவர் கஹ்வாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை இறக்காமலே அவளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டம்.

“பம்பர் செஞ்சா பாதை தெரிஞ்சிடுமா நஸ்ரா?”

“பாதையும் தெரியும்.”

“கடைசியிலயே வாம்மா. உன்னால யாருக்கும் நஷ்டம் வர வேண்டாம்.”

அவள் திரும்பி நடந்தாள். கடைசியில் போகிறவளுக்குத் தெரிந்த ஒன்றை முன்னால் போகிறவருக்கு எப்படிச் சொல்வது? அவர் கண் முன்னால் எப்போதும் உடையாத பொருக்கு மட்டும்தான். அவளுக்கோ ஆறு வண்டிகளின் தடமும் தெரியும். எந்தத் தடத்தில் உடனே தண்ணீர் ஊறுகிறது, எது மணிக்கணக்காய்க் காய்ந்தே கிடக்கிறது என்று இரண்டு வருஷம் பார்த்திருக்கிறாள். காய்ந்து கிடக்கிற இடத்தின் அடியில் சிப்பி இருக்கும். சிப்பி இருந்தால் வண்டி நிற்கும்.

ஆறாவது கிலோமீட்டரில் அபூ கல்ஃபானின் வண்டி மூக்கைத் தாழ்த்தியது.

பார்க்க அவசரமே இல்லாத காட்சி அது. முழங்காலிட்டு உட்காருகிற ஒட்டகம் போல, மெதுவாக, முன்சக்கரம் போய், பின்சக்கரமும் போய், வயிறு பொருக்கில் படுத்தது. பின்னால் வந்தவர்கள் நிறுத்தினார்கள். இரண்டாவது வண்டிக்காரர் அபூ கல்ஃபான் வண்டியின் பின்பக்கத்தில், வாங்கும்போதே இருந்த சின்ன வளையத்தில் நாடாவை மாட்டி இழுத்தார். அது கப்பலில் வண்டியைக் கட்டிவைக்கப் போட்ட வளையம். முதல் இழுப்பிலேயே ரொட்டித் துண்டு போலப் பிய்ந்து வந்தது.

தூரத்தில் கடல் ஒரு கோடாக இருந்தது. காலையில் அந்தக் கோடு இல்லை.

“ட்ரெய்லர் மாட்டுற உருண்டை இருக்கே. அதுல கட்டுவோம்,” என்றான் முசல்லம்.

“அதுல கட்டாத.” நஸ்ரா ஓடிவந்தாள். “அது உடைஞ்சா குண்டு மாதிரி வரும். உன் தலை வழியா போய்த்தான் நிக்கும்.”

முசல்லம் கையை எடுத்துவிட்டான். வாயையும் மூடிக்கொண்டான்.

அபூ கல்ஃபான் இடுப்பு வரை சேற்றோடு வண்டியின் முன்னால் நின்றிருந்தார். இரண்டு சிவப்புக் கொக்கிகள், ஒரு மலையையே இழுக்கக்கூடியவை, கரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன.

“முன்னாடி கொக்கி இருக்கு,” என்றார் மெல்ல. “ஆனா முன்னாடி வந்து நிக்க யாருக்கு எடம் இருக்கு?”

“எனக்கு இருக்கு.”

அவள் நேரத்தை வீணாக்கவில்லை. அண்ணனின் பெட்டிகளை முசல்லம் வண்டிக்கு மாற்றச் சொன்னாள். “தண்ணி பட்டா நீதான் பதில் சொல்லணும்.” டயர்கள் சேற்றில் அகலமாய்ப் படிய, காற்றை இன்னும் இறக்கினாள். பிறகு இடதுபக்கம் அகலமாய் வளைத்து, போன வருஷம் ஒருநாள் காலை முழுக்கக் காய்ந்தே கிடந்த தடம் எதுவோ, அதன் ஞாபகத்தின் மேல் வண்டியை விட்டாள்.

பொருக்கு அடியில் அப்பளம் போல நொறுங்கியது. அவள் கியரை மாற்றவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு இடத்தில் ஸ்டியரிங் லேசாகிப் போனது. உடனே சக்கரத்துக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். சிப்பி. உலகத்தில் இதைவிட நல்ல சத்தம் இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

அபூ கல்ஃபானுக்கு நேர் முன்னால், நாற்பது அடி எடுத்துவைக்கிற தூரத்தில் நிறுத்தினாள். மூன்று நாடாக்களைக் காதுக்குள் காது நுழைத்து ஒன்றாக்கினாள். அறுந்தால் பறந்து அடிக்கும் என்று நடுவில் இரும்பு எதுவும் வைக்கவில்லை. ஒரு முனையைத் தன் பம்பரின் காதில் மாட்டினாள். மறுமுனையை வாங்கிக்கொள்ள அபூ கல்ஃபானே சேற்றை நீந்துவது போல வந்தார். திரும்பிப் போய்ச் சிவப்புக் கொக்கியில் மாட்டினார். நாடா அறுந்தால் விசிறியடிக்காமல் இருக்க அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதல் இழுப்பில் நாடா ரப்பராக நீண்டது, வண்டி முனகியது, பின்பக்கம் குந்தியது. அவ்வளவுதான்.

அவள் இறங்கி வண்டிக்கடியில் படுத்தாள். பன்னிரண்டு கோடு. எண்ணினாள். ஒன்றுகூட உடையவில்லை.

“என்ன அக்கா, படுத்துட்ட?” தூரத்திலிருந்து முசல்லம் கத்தினான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அவன் டயருக்குப் பக்கத்தில் தண்ணீர் பளபளத்தது.

இரண்டாவது முறை அவள் நன்றாகப் பின்னுக்கு வந்து, நாடா தொய்ந்து கிடக்க, பயப்படாமல் ஓடினாள். பயந்து பயந்து பற்றவைக்கச் சொன்ன அந்தக் காதை நம்பி ஓடினாள். ஒரு குலுக்கல். பிறகு உலகம் ஒரு கணம் ரப்பராக இழுபட்டு நின்றது. பிறகு பின்னால், குடத்திலிருந்து பெரிய விரலை உருவியது போல ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தாள்: நான்கு விளக்கும் சேற்றுக் கண்ணோடு அவளை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தன.

அடுத்த ஐந்து வண்டிகளும் அவள் தடத்திலேயே வந்தன. ஒன்றின் சக்கரம்கூடப் புதையவில்லை. முசல்லம் வந்ததும் முதல் வேலையாக அவள் பெட்டிகளைத் தூக்கி அவள் வண்டியில் வைத்தான். இறாலின் தலை இன்னும் கண்ணாடியாக இருந்தது.

“நம்பர் பிளேட்டும் கூடவே வந்துடுச்சு,” என்றான் அவன் மெதுவாக.

அபூ கல்ஃபான் அவள் வண்டியின் பின்னால் போய் மண்டியிட்டார். அவர் வயிறு வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு விரலை வெள்ளைக் கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டினார். பன்னிரண்டையும் தொட்டு முடித்தார். அவர்களுக்குப் பின்னால், சற்றுமுன் அவர் வண்டி படுத்திருந்த பள்ளத்தில் கடல் வந்து நிறைந்துகொண்டிருந்தது. முன்னால் மூன்று கிலோமீட்டர், ஒரு தடமும் படாத வெள்ளை.

அவர் எழுந்தார். கஹ்வா பாத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, முதல் கோப்பையைத் தன் கையாலேயே ஊற்றி அவளிடம் நீட்டினார். வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் அவளிடம் மட்டும் பேசுவது போலக் கேட்டார்:

“இந்தப் பருவம் முழுக்க நீயே முன்னாடி போ நஸ்ரா. நான் உனக்குப் பின்னால வரட்டுமா?”