மூன்று வாரத் தாமஸ்

மேஜைவிரிப்பு தேடித்தான் ரோவீனா அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அப்பாவை அடக்கம் செய்ய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சர்ச்சின் பின்னறையில், சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ் தர்ட்டில், வருகிறவர்களுக்காக முட்டை சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். லிட்டில் ஓர்ஃபம் கிராமத்தில் பாதிரியார்கள் வருவார்கள், போவார்கள். மேவிஸ் இருப்பாள்.

டப்பாவில் மேஜைவிரிப்பு இல்லை. தட்டச்சு செய்த ஒரு தாள் மட்டும் இருந்தது. '1741, அடக்கங்கள்.'

அந்த வருடம் ரோவீனாவுக்கு மனப்பாடம். அவளுடைய அப்பா லெனார்ட் கேதர்கோல், லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1741இல் இந்தக் கிராமத்தில் ஞானஸ்நானம் பெற்ற தாமஸ் கேதர்கோல், தன்னிலிருந்து மேலே எண்ணினால் ஏழாவது தலைமுறை மூதாதை என்று கண்டுபிடித்தார். உடனே வீட்டை விற்றுவிட்டு இங்கே குடிவந்தார். இருபத்திரண்டு வருடம் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டினார். "நம்ம ஆளுங்க மேல முளைச்ச புல்லு, நாமதான வெட்டணும்" என்பார்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அடக்கப் பதிவையும் பார்த்துவிட வேண்டும் என்பது வம்சாவளி தேடுகிறவர்களின் முதல் பாடம். அப்பா வீடு மாறிய பிறகுதான் அதைப் பார்க்கப் போனார். பழைய பதிவேடு ஈரத்தில் கூழாகியிருந்தது. மேவிஸின் அம்மா தட்டச்சு செய்து வைத்த நகலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எலி தின்றுவிட்டதாக மேவிஸ் சொன்னாள்.

மிகவும் ஒழுங்கான எலி. தாளை நான்காக மடித்து வைத்திருந்தது.

'தாமஸ், ஜான் கேதர்கோலின் குழந்தை. வயது மூன்று வாரம்.'

மூன்று வார வயதில் யாரும் வம்சம் வளர்ப்பதில்லை.

"மேவிஸ், இது என்ன?"

"பிஸ்கட் டப்பா."

"உள்ள இருக்கிறது."

"ஓ, அதுவா." கத்தி நிற்கவில்லை. "எரிச்சிருக்கணும். எங்கம்மா டைப் பண்ணது, மனசு வரல."

"இருபத்திரண்டு வருஷமா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வந்த வாரமே உங்கப்பா புல்லு வெட்டிட்டாரும்மா. இடுப்பு உசரம் இருந்துச்சு. சொல்லியிருந்தா வேற ஊர்ல வேற தாமஸைப் புடிச்சு, அங்க போய் வெட்டியிருப்பாரு."

"புல்லுக்காகவா?"

"முதல்ல புல்லுக்காகத்தான்." மேவிஸ் ஒரு சாண்ட்விச்சின் ஓரத்தைத் தேவைக்கு அதிகமாகவே சீவினாள். "அப்புறம் வியாழக்கிழமை டீக்கு வர ஆரம்பிச்சாரு."

ரோவீனா தாளை மறுபடி நான்காக மடித்தாள். அவள் கோட்டுப் பையில் அப்பாவின் வம்சாவளித் தாள் இருந்தது. எல்லாப் பெயர்களையும் சபையில் வாசிக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. சரிபார்க்காத பெயரை வாசிக்கவே கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். தாள் முழுக்கப் பென்சில். தப்பு என்று தெரிந்தால் அழிக்கத் தோதாக இருக்க வேண்டுமாம்.

"என்ன வாசிக்கப் போற?" மேவிஸ் இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியல."

சர்ச்சில் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அப்பா இலவசமாக மூதாதையர்களைத் தேடிக் கொடுத்திருந்தார். ரோவீனா ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஆறாவது, ராபர்ட், லெஸ்டரில் செருப்புத் தைத்தவர். நிறுத்தினாள். மூன்றாம் வரிசையில் மேவிஸ் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"அதுக்கு மேல யாருன்னு இன்னும் தெரியல," என்றாள் ரோவீனா. "தேடணும்."

அடக்கம் முடிந்ததும் பாதிரியார் பின்னறையில் அடக்கப் பதிவேட்டைத் திறந்தார். 1813இல் தொடங்கிய புத்தகம். பக்கத்துக்கு எட்டுப் பேர். இந்த ஊரில் ஆட்கள் மெதுவாகச் சாவதால் இன்னும் நிரம்பவில்லை.

"இதுல வேற கேதர்கோல் யாராவது இருக்காங்களா, ஃபாதர்?"

பாதிரியாருக்குத் தெரியவில்லை. கதவருகே சாண்ட்விச் தட்டோடு நின்ற மேவிஸ்தான் சொன்னாள். "ஒருத்தரும் இல்ல. நான் முழுசா பார்த்துட்டேன்."

பாதிரியார் மைப்பேனாவை எடுத்து அப்பாவின் பெயரை எழுதினார். வசிப்பிடம் என்ற கட்டத்தில் லிட்டில் ஓர்ஃபம் என்று எழுதி, மூடப் போனார்.

"இருங்க, ஈரமா இருக்கு," என்றாள் மேவிஸ்.

மூன்று பேரும் மை காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.