ஈரத்துணி வைத்தியம்

அந்தத் தெருவில் லாரி வைத்திருக்கிற எல்லோருக்கும் அவன் டாக்டர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம். நீளமான ஸ்குருடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். வண்டிக்காரன் பிரசவ அறை வாசலில் நிற்கிறவன் மாதிரி நிற்பான். கடைசியில் ஒரே வார்த்தை வரும். "வால்வு." இல்லாவிட்டால், "பேரிங்." சொன்னால் சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தங்கை புருஷனுடைய லாரியில் மட்டும் கோளாறு பிடிபடாமல் மாதக்கணக்கில் திண்டாடினான் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பினார்கள். அவ்வளவு அழகாகத் திண்டாடினான்.

கோளாறு இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் லாரி முதல் சுற்றிலேயே எழுந்துவிடும். ஓடிச் சூடேறிய பிறகு நிறுத்தினால் போச்சு. செல்ஃப் மோட்டார் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் எடுக்காது. ஆறுகிறவரை காத்துக் கிடக்க வேண்டும்.

முதல் தடவை அது பட்டறைக்கு வந்தது ஒரு மதியம். மாப்பிள்ளை ஓட்டி வந்தான், பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போதே, "மச்சான், உன் மூளைக்கு எட்டுதான்னு பாரு. எட்டலைன்னா சொல்லிடு, நல்ல மெக்கானிக்கா பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த டயர்க்கடையில் போய் உட்கார்ந்தான். வயதில் மாப்பிள்ளைதான் இளையவன். இவன் "வாங்க மாப்ள" என்பான்; அவன் "என்ன மச்சான், எப்படி இருக்கே" என்பான். பெண்ணைக் கொடுத்த இடம், குனிந்துதான் போக வேண்டும் என்று இவனும் குனிந்தான்.

ஆனால் குனிகிறவனுக்கும் முதுகு வலிக்கும் அல்லவா? போன வருஷம் தங்கையைப் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை வாசலிலேயே கையை நீட்டி மறித்தான். "எண்ணெய்க் காலோட உள்ள வராதே மச்சான், புதுசா டைல்ஸ் போட்டிருக்கு." தங்கை ஒரு டம்ளர் தண்ணீரை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சிரித்தார்கள். அந்தத் தண்ணீர் இன்னும் அவன் தொண்டையில் நின்றது.

அன்றைக்குப் பட்டறையில் டாக்டர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். பேட்டரி நன்றாக இருந்தது, செல்ஃப் நன்றாக இருந்தது. ஒரு துணியை நாலாக மடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, டீசல் பம்பின் மேல் போட்டான். இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் கையால் அள்ளி விட்டான். ஆவி எழும்பி அடங்கியதும் சாவியைத் திருப்பினான். இன்ஜின் கப்பென்று பிடித்தது.

அவ்வளவுதான் விஷயம். பம்ப் உள்ளே தேய்ந்திருக்கிறது. சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது. பம்ப் குளிர்ந்தால் பழையபடி அழுத்தம் வருகிறது. கழற்றிப் புதுப்பித்தால் தீர்ந்தது. ஸ்குருடிரைவரைக் காதில் வைக்கக்கூடத் தேவைப்படவில்லை.

"மாப்ள" என்று கூப்பிட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். இன்ஜினை நிறுத்தினான். துணியை எடுத்துப் பிழிந்து மூலையில் எறிந்தான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா?

மட்கார்டு ஓரத்தில் நின்ற தங்கை கேட்டாள். "என்னண்ணா, துணி போட்டதும் எடுத்துடுச்சு?"

"அழுக்கு துடைச்சேன். நீ போய் நிழல்ல உட்காரு. மாப்ளகிட்ட எதையும் உளறி வைக்காதே, என்ன?"

அவள் தலையாட்டினாள். சின்ன வயசிலிருந்தே அண்ணன் சொன்னால் தலையாட்டுகிறவள். அவளுக்கென்ன இன்ஜினைப் பற்றித் தெரியும் என்று அதோடு மறந்துவிட்டான். கெட்டிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது ஒன்றை மறப்பார்கள்.

பிறகு ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்த கதையாக வைத்தியம் நடந்தது. முதலில் பேட்டரி என்றான். பிறகு செல்ஃப் என்றான், ஃபில்டர் என்றான், நாசில் என்றான். ஒவ்வொரு தடவையும் வண்டியை ராத்திரி பட்டறையில் நிறுத்தச் சொல்லி, காலையில் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவான். மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு போவான். சரக்கு இறக்குகிற இடத்தில் வண்டி மறுபடி செத்துக் கிடக்கும்.

சேதிகள் வந்து சேர்ந்தன. கிடங்கு வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றுவிட்டதாம், பின்னால் வரிசை கட்டிய வண்டிக்காரர்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் தாயைத் திட்டினார்களாம். கூலிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளச் சொன்னானாம். டாக்டர் உச்சுக் கொட்டுவான். உள்ளுக்குள் அவனுக்கு விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அந்த மனுஷன் அவமானத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவான் என்று இவன் யோசித்தானா? லாரி மேல் இறக்க முடியாது, அது இரும்பு. கிடங்குக்காரன் மேல் இறக்க முடியாது, அவன் முதலாளி. தங்கையிடம் அவன் எப்போதாவது கை நீட்டுவான் என்பது இவனுக்குத் தெரியாத சங்கதி அல்ல. குடும்பம் என்றால் நாலும்தான் இருக்கும் என்று அதை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான்.

மாப்பிள்ளையின் லாரிக் கிளீனரும் திட்டுப் பொறுக்காமல் ஓடிப்போனான். அதற்கப்புறம் மாப்பிள்ளை சேதி கொஞ்ச நாளாக ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் உச்சிவெயிலில் லாரி வந்து நின்றது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சாவியை அணைத்தான். "மச்சான், நீ கிழிச்சது போதும். மருந்து கிடைச்சாச்சு. டயர்க்கடைக்காரரே, நீங்களும் வந்து பாருங்க."

செல்ஃபை ஓட்டிக் காட்டினான், எடுக்கவில்லை. "இறங்கு" என்றான் பக்கத்தில் பார்த்து.

தங்கை தண்ணீர்க் கேனோடு இறங்கினாள். கீழுதடு வீங்கியிருந்தது. தானே பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். துணியை நாலாக மடித்து, நனைத்து, இன்ஜினுக்கு மேலாகக் கையை நீட்டிப் பம்பின் மேல் போட்டாள். கொஞ்சம் தண்ணீரைக் கையால் அள்ளி விட்டாள். மணிக்கட்டின் உட்பக்கம் முழுக்கச் சுட்ட தழும்பு, பழையது காய்வதற்குள் புதியது. மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். கப்பென்று பிடித்தது.

டாக்டர் அந்தத் தழும்பையே பார்த்தான். வெட்கமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. "மாப்ள, அப்ப இது பம்ப் கோளாறுதான். வண்டியை விட்டுட்டுப் போங்க. என் கைக்காசுல பண்ணித் தரேன்."

"பம்பைக் கழட்டினா நாள்கணக்கா வண்டி படுத்துடும். எதுக்கு? இவ இருக்கா இல்ல, சோறு போட்டா போதும்." மாப்பிள்ளை இன்ஜினை ஓடவிட்டபடியே, சீட்டுக்கடியில் கிடந்த டயர் லீவர் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். குரலைத் தணித்தான். "அது கிடக்கட்டும் மச்சான். இந்த வித்தையை யாருடி சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, தண்ணிக் குழாய்கிட்ட ஒரு டிரைவர் சொன்னாருங்கறா. எந்த டிரைவர்? பேரு தெரியாதாம். ஒருத்தன் சும்மா நின்னு அடுத்தவன் பொண்டாட்டிக்குப் பம்ப் பாடம் எடுப்பானா? அடிச்சும் பார்த்துட்டேன். நீ அண்ணன், உன்கிட்ட சொல்லுவா. கேளு."

தங்கை கேனை மூடிக்கொண்டு நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை அல்ல. சொல்ல வேண்டியவர் சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை.

'நான்தான்' என்று ஒரு வார்த்தை. எத்தனையோ வண்டிகளுக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்ன வாய்தான் அது. ஆனால் டயர்க்கடைக்காரர் நின்றிருந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தெரிந்தே வண்டியைக் கோளாறோடு விட்டு வைத்தவன் என்று தெருவுக்குத் தெரிந்தால் அப்புறம் எவன் வண்டியை விடுவான்? மாப்பிள்ளையின் கையில் வேறு கனமான டயர் லீவர் இருந்தது.

"யாரும்மா அது?" என்றான் டாக்டர். "சொல்லிடும்மா. எதுக்கு வீணா அடி வாங்கறே?"

 ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "தெரிஞ்ச ஆளுன்னுதான் நினைச்சேன்" என்றாள். "இல்ல போலிருக்கு."

"பார்த்தியா, தெரிஞ்ச ஆளாம்" என்றான் மாப்பிள்ளை. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, நிதானமாகத்தான் சொன்னான். "ஏறு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் பம்பின் மேலிருந்த துணியை எடுத்தாள், பானெட்டை இறக்கினாள், ஏறினாள். லாரி தெருமுனை திரும்புகிறவரை டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டயர்க்கடைக்காரர் அருகே வந்தார். "என்ன டாக்டர், வெறும் பம்ப்தானா? முதல் நாளே உங்களுக்குத் தெரியலையா?"

டாக்டர் கையைத் துடைக்கத் துணி தேடினான்.

"தெரியலைங்க" என்றான்.