சறுக்காத பூட்ஸ்

வீரையனுக்குச் சறுக்கல் என்றாலே குலை நடுங்கும். கதிர்க்கட்டைச் சுமந்து வரும்போது வரப்பில் சறுக்கி விழுந்ததில் அவனுக்கு இடுப்பு போனது, அதோடு வயல் வேலையும் போனது. அதனால்தான் மகள் வேம்பு மாநிலக் கால்பந்து அணித் தேர்வுக்குப் போகிறாள் என்றதும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய், "இருக்கறதுலயே நல்லா பிடிமானம் உள்ள பூட்ஸா குடுங்க" என்று கேட்டான். அடியில் நீள நீளமாகக் குமிழ் வைத்த ஜோடி ஒன்று வந்தது. எந்தத் தரைக்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, இவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி பிறக்கும். அந்த வீட்டில் வேறு எதற்கும் யாரும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தேர்வு நடந்தது நீடாமங்கலம் பக்கத்து டர்ஃப் மைதானத்தில். வீரையனின் அப்பா குத்தகை உரிமைக்குக் கொடி பிடித்து மண்டை உடைபட்ட வயல் அது. வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் வயல் பிளாட்டானது. பிளாட்டும் விலை போகாமல், இப்போது பச்சை பிளாஸ்டிக் புல் விரித்துக் கிடந்தது. அறுத்த வயலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு சீரான தரையா என்று வீரையனுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் பாதியில் வேம்பு பந்தோடு சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள். யாரும் இடிக்கவில்லை. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவள் அலறியது சாலை வரைக்கும் கேட்டது.

"முட்டி ஜவ்வு அறுந்துருக்கு. ஆபரேஷன் பண்ணணும். இந்த வருஷம் பந்தை மறந்துடுங்க" என்றார் டாக்டர். "இந்த மாதிரி பூட்ஸ் நிஜப் புல்லுக்குத்தான் சரி. டர்ஃப்ல அது காலை அப்படியே பிடிச்சுக்கும். கொஞ்சம் சறுக்கியிருந்தா முட்டி தப்பிச்சிருக்கும்."

வீரையன் வெளியே வந்தான். வராந்தாவில் நின்ற கோச் அப்துல் ஜலீலிடம் போனான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"சொன்னேண்ணே. வேற ஷூவும் எடுத்துக் குடுத்தேன். 'எங்கப்பா பாக்க வந்துருக்காரு சார், இன்னைக்கு மட்டும் அவர் வாங்கிக் குடுத்ததைப் போட்டுக்கறேன்'னுச்சு. மனசு கேக்காம நானும் விட்டுட்டேன்."

உள்ளே வேம்பு கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"அழாதப்பா. ஒரு தடவகூட சறுக்கல, பாத்தியா?"

வீரையன் கட்டிலுக்கடியில் கிடந்த பூட்ஸைக் காலால் உள்ளே தள்ளினான்.

"பாத்தேம்மா" என்றான்.